வீட்டில் வைத்து வாசிக்க ஓர் ஓர்கன்: எதைத் தெரிவு செய்யலாம்?

உவர்மலை ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டேன். காலை ஏழு மணிக்குச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் இனி இல்லை. ஐம்பது வருடமாக மனதில் கிடக்கும் ஆசை ஒன்று உண்டு. அதை இப்போதாவது நிறைவேற்ற வேண்டும். வீட்டில் ஓர் ஓர்கன் வேண்டும்.

எதை ஓர்கன் என்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் திருகோணமலையில் கடைக்குப் போய் ஓர்கன் என்று கேட்டால், தாங்கியில் வைத்து வாசிக்கும் கீபோட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். கல்யாண வீட்டு இசைக்குழுவிலும் அதற்கு அதே பெயர்தான். நான் தேடுவது, தரையில் அலுமாரிபோல நிற்கிற, கைக்கு இரண்டு கட்டை வரிசையும் காலுக்குப் பெடலும் உள்ள வாத்தியத்தை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் தேவாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஓர்கன் ஒன்று இருந்தது. அருட்சகோதரி ஒருவர் வாசிப்பார். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் இருத்திக்கொள்வார். என் கால் எட்டாது. அவர் மிதிப்பார், நான் கட்டையை அழுத்துவேன். அழுத்திய விரலை எடுக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஒலி நின்றது. அவர் மிதிப்பதை நிறுத்தினால் மட்டும் அது மெல்லச் சுருங்கி அடங்கும். பிறகு படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. அந்த ஒலியை மட்டும் மறக்கவில்லை.

இப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கொழும்பில் ஒரு வீட்டில் அமெரிக்காவில் செய்த ஹமண்ட் ஸ்பினெட் ஓர்கன், அதாவது வீட்டுக்கென்று செய்த சிறிய மாடல், விலைக்கு இருக்கிறது. 117 வோல்ட், மின்மாற்றி ஒன்று போட்டால் போதும் என்று விற்பவர் சொல்கிறார். இன்னோர் இடத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய யமஹா எலக்டோன், 100 வோல்ட். இரண்டு வரிசைக்கும் 49 கட்டை, கீழே 20 பெடல். மூன்றாவது, இங்கே கடையில் கிடைக்கும் புதிய 61 கட்டைக் கீபோட். அதுதான் புத்திசாலித்தனம் என்று மகன் சொல்கிறான்.

அறை பத்தடிக்குப் பதினோரடி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று நேராக வரும். வயதான அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார். எனக்கு இடது முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிப்பேன், தட்டுத் தடுமாறி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூதூர்த் தம்பி

ரீச்சர், உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் இசைக்குழுவில் கீபோட் வாசிப்பவன். புதிய 61 கட்டைக் கீபோட் ஆறேழு கிலோதான் இருக்கும்; ஒரு கையால் தூக்கி அலுமாரிக்கு மேலே வைக்கலாம். ஹெட்போன் போட்டுக்கொண்டால் அம்மாவின் தூக்கம் கெடாது. பழுதானால் திருத்த ஆள் உண்டு. ஓர்கன் ஒலிகளும் பத்துப் பதினைந்து அதற்குள்ளேயே இருக்கும்.

பழைய வாத்தியத்துக்கு உதிரிப்பாகம் தேடி அலைவது லேசான காரியமல்ல. முதலில் கீபோட்டை வாங்கி ஒரு வருடம் வாசியுங்கள். ஆசை அப்படியே இருந்தால் பெரியதைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புவழிபுரம் மின்வேலை

ரீச்சர், வணக்கம். துறைமுகத்துப் பணிமனையில் இருபத்தாறு வருடம் மோட்டார் சுற்றியவன் நான். வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக ஓர்கன் இருக்கிறது. நீண்ட பதிலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். அமெரிக்க ஓர்கனுக்கு மின்மாற்றி போட்டால் போதும் என்று சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மின்மாற்றி 230 வோல்ட்டை 117 ஆகக் குறைக்கும். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 தரம் மாறுகிறது, அமெரிக்காவில் 60 தரம். அதை மின்மாற்றி தொடாது. வானொலிப் பெட்டிக்கு இது பெரிய விடயமில்லை. பழைய ஹமண்டுக்கு இதுதான் உயிர்.

ஏன் என்றால், லோரன்ஸ் ஹமண்ட் அடிப்படையில் மின்கடிகாரம் செய்தவர். மின்சாரத்தின் துடிப்போடு பிசகாமல் சுழலும் மோட்டாரைக் கடிகாரத்துக்குப் போட்டவர், 1935இல் அதே வித்தையை ஓர்கனுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு நீண்ட தண்டு, அது சுழற்றும், பல் வெட்டிய சிறு உலோகச் சக்கரங்கள். பெரிய மாடலான பி-3இல் 91 சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஒரு காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் முன்னால் சுழலும்போது ஒரு சுரம் பிறக்கிறது. மோட்டாரின் வேகம்தான் சுருதி. அதனால் அந்த வாத்தியத்துக்குச் சுருதி கூட்டும் வேலையே இல்லை. மின்சாரம் சரியாக இருந்தால் சுருதியும் சரியாக இருக்கும். 60க்குச் செய்ததை 50இல் ஓட்டினால் எல்லாச் சக்கரமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். செக்கனுக்கு 440 அதிர்வில் ஒலிக்க வேண்டிய சுரம் ஏறக்குறைய 367இல் ஒலிக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2003இல் வெளிநாடு போகிற ஒரு குடும்பத்திடம் அமெரிக்க ஓர்கன் ஒன்றை வாங்கி, ஹபரணை வழியாக லொறியில் கொண்டுவந்தேன். மின்மாற்றியை என் கையாலேயே சுற்றினேன். பெயர்ப்பலகையில் 117 என்றிருந்ததைப் பார்த்தவன், பக்கத்தில் 60 என்றிருந்ததைப் பார்க்கவில்லை. மோட்டார் வேலை தெரிந்த நான் அதைப் பார்க்காமல் விட்டது இன்றும் மனதை உறுத்துகிறது. முதல் நாள் எனக்குப் பிழை தெரியவே இல்லை. எல்லாச் சுரமும் ஒன்றாக இறங்கியிருந்ததால் காதுக்கு இணக்கமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மகள் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வைத்த உடனேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று அரைச்சுரம் கீழே, அதற்கும் கொஞ்சம் அப்பால்.

பிறகு காருக்குப் போடும் 12 வோல்ட் பற்றரி ஒன்றும், பற்றரி மின்சாரத்தை 60 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 60 தரம் மாறும்படி, 120 வோல்ட்டாக்கித் தருகிற, சீராக ஏறி இறங்கும் சுத்தமான சைன் அலை இன்வேர்ட்டர் ஒன்றும் வைத்துச் சரிசெய்தேன். சைன் அலை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான சதுர அலை இன்வேர்ட்டரில் மோட்டார் சூடாகி முனகும், ஸ்பீக்கரிலும் இரைச்சல் கேட்கும். பற்றரியைச் சுவர் மின்சாரம் நிரப்பிக்கொண்டே இருக்கும். மின்வெட்டு வந்தாலும் என் ஓர்கன் வாசிக்கும். 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கென்று தனியாகச் செய்த ஹமண்டுகளும் உண்டு. ஆகவே விற்பவரிடம் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 50 என்றிருந்தால் மேலே பேசலாம். 60 என்றிருந்தால் பற்றரி, இன்வேர்ட்டர் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தம்பி சொன்ன கீபோட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரீச்சர் கேட்டது அதுவல்ல. ஓர்கனில் வலக்கை மேல்வரிசையில் பாடுகிறது, இடக்கை கீழ்வரிசையில் வேறொரு குரலில் துணை போகிறது, இடது கால் அடிக்குரலைப் பிடிக்கிறது. மூன்று பேர் சேர்ந்து பாடுவதை ஒருவர் தனியாகச் செய்கிறார். முதல் மாதம் கால் கேட்காது. கையோடு சேர்ந்து ஓடப் பார்க்கும், அல்லது மரம்போல நிற்கும். ஒருநாள் காலையில், பார்க்காமலே, கால் தானாகப் போய் ச-வில் நிற்கும். அந்த நிமிடத்தை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். மேற்கத்தியப் பாடநூல்களில் மெல்லிய அடியுள்ள சப்பாத்து அணிந்து பெடல் வாசிக்கச் சொல்வார்கள். வீட்டுக்குள் சப்பாத்து நமக்குப் பழக்கமில்லை. நான் வெறுங்காலோடுதான் வாசிக்கிறேன். பெடலுக்கும் பெடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை உள்ளங்கால் கண்ணைப்போலப் பார்க்கும். ஆனால் மரப்பெடலின் விளிம்பில் சிலாம்பு இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பியானோவில் அடித்த கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கும். ஓர்கனில் விரல் இருக்கும்வரை ஒலி முழுதாக இருக்கும். ஆகவே எப்போது அழுத்துகிறோம் என்பதைப்போலவே எப்போது எடுக்கிறோம் என்பதும் இசை. ஒரு சுரத்திலிருந்து தூரத்துச் சுரத்துக்கு இடைவெளி விடாமல் போக வேண்டுமா? அழுத்திய கட்டையில் நடுவிரல் இருக்கும்போதே சின்னவிரலை அதே கட்டைக்கு ஊர்ந்து வரவிட்டு, நடுவிரலை நழுவவிட வேண்டும். ஒலி அறுபடக்கூடாது. கட்டை மேலே எழவும் கூடாது. இந்த விரல் மாற்றலை மட்டும் நான் இரண்டு மாதம் பழகினேன், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்தப் பழக்கம் கைக்கு வந்த நாளில்தான் என் வாத்தியம் பேசத் தொடங்கியது.

ஹமண்டில் குரலை மாற்ற இழுத்துவிடும் கம்பிகள் இருக்கும், ட்ரோபார் என்பார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 16, 8, 4 என்று அடிக்கணக்கு. குழாய் ஓர்கனிலிருந்து வந்த கணக்கு அது: வரிசையின் ஆகக் கீழேயுள்ள சி சுரத்துக்குத் திறந்த குழாய் ஏறக்குறைய எட்டடி நீளம் வேண்டும். பதினாறு ஒரு ஸ்தாயி கீழே, நான்கு ஒரு ஸ்தாயி மேலே. எட்டை மட்டும் இழுத்தால் புல்லாங்குழலின் சாயல். அதோடு நான்கைச் சேர்த்தால் வெளிச்சம் கூடும். 2⅔ அடிக் கம்பியை மெல்ல இழுத்தால் மூக்கால் பாடுகிற ஒரு குரல் உள்ளே நுழையும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கையால் கம்பியை அரை அங்குலம் நகர்த்தினால் பாட்டின் நிறமே மாறிவிடும். நீங்கள் கணித ரீச்சர். இந்தப் பின்னங்கள் எல்லாம் ஒரே சுரத்தின் மடங்குகள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாக விளங்கும்.

எங்கள் இசைக்கும் இது உதவும் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். கட்டை வாத்தியத்தில் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வராது என்பது உண்மை. தோடி ராகத்தை அதில் வாசித்தால் தோடியின் எலும்புதான் வரும். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடுத்ததற்கும் இது ஒரு காரணம். 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் காலால் ச-வைப் பிடித்து, இடக்கையால் ப-வை மெலிதாக நிறுத்தி, மேல்வரிசையில் மோகனத்தை நேராக நடக்கவிட்டுப் பாருங்கள். சுருதிப்பெட்டியும் பாட்டும் ஒரே உடம்பிலிருந்து வரும். விடிகாலையில் அப்படித்தான் தொடங்குகிறேன்.

இனி, தெரிவு. போய்ப் பார்க்கும்போது உள்ளே பதிந்து வைத்திருக்கும் மாதிரிப் பாட்டுகளைப் போட்டுக் காட்டுவார்கள். நிறுத்தச் சொல்லுங்கள். முழு ஒலியில் எந்த ஓர்கனும் பெரிதாகத்தான் கேட்கும். நீங்கள் ஒரேயொரு புல்லாங்குழல் குரலை வைத்து, ஒலியை ஆகக் குறைத்து, மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கட்டையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உறுமல் கேட்கிறதா, கரகரப்பு இருக்கிறதா, நடுக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு நாள் நீங்கள் வாசிக்கப் போவது அந்த மெல்லிய ஒலியில்தான், அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போது. அது அழகாக இல்லையென்றால் மற்றதெல்லாம் அழகாக இருந்தும் பயனில்லை. பிறகு ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொரு பெடலையும் தனித்தனியாக அழுத்துங்கள். அரை மணி நேரம் இருங்கள். முழங்கால் வலிக்கிறதா, வாங்கு உயரம் சரியா என்பதும் அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

என் யோசனை, ஜப்பான் எலக்டோன். யமஹா 1959இலிருந்து அந்தப் பெயரில் செய்துவருகிறது. சக்கரம் இல்லை, மின்னணுச் சுற்றுகள்தான். சுருதி மின்சாரத்தின் துடிப்பை நம்பியிருக்காது. ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் பொதுவாக அவர்களுடைய பொருள்களில் இரண்டும் எழுதியிருக்கும். வோல்ட்டை மட்டும் கவனியுங்கள். 230ஐ 100 ஆக்கும் மின்மாற்றி, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனிக் கம்பிச் சுற்று உள்ள இரட்டைச் சுற்றாக இருக்கட்டும், பெயர்ப்பலகையில் எழுதிய வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாகவும் இருக்கட்டும். பிளக்கை அறுத்து மின்மாற்றியோடு நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். யாராவது வீட்டைக் கூட்டிவிட்டு அதைச் சுவரில் நேராகச் செருகினால் ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

துறைமுகக் காற்றைப் பற்றி: ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கட்டைகள் ஊறும், தொடுப்புகள் பச்சை பிடிக்கும். பழைய பியானோக்காரர்கள் பெட்டிக்குள் சிறிய இழை பல்ப் ஒன்றை எரியவிடுவார்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். எல்ஈடி பல்ப் அதற்கு உதவாது, அதில் போதிய சூடு இல்லை. பல்ப்பைச் சுற்றிக் கம்பிக் கூடு போட்டு, மரத்திலும் வயரிலும் படாமல் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து தினமும் வாசிப்பது. ஒரு மாதம் மூடிக் கிடந்த ஓர்கன் எங்கள் ஊரில் கரகரக்காமல் திறப்பதில்லை.

தம்பலகாமம் பேத்தி

ரீச்சர் சொன்ன அந்த மிதி ஓர்கனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பப்பாவின் கால் ஆர்மோனியம் இருக்கிறது. ஊர்க் கூத்துக்கும் நாடகத்துக்கும் அவர் வாசித்தது. பாரிஸில் 1842இல் டெபான் என்பவர் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அது கால்மிதியோடு வந்த வாத்தியம்தான். நம் பஜனை மேடையில் கையால் துருத்தி போடும் பெட்டி, அதைச் சுருக்கித் தரையில் இருந்து வாசிக்க இந்தியாவில் செய்தது.

2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்ததே, அந்த இரவுகளில் எங்கள் வளவில் ஒலித்த ஒரே வாத்தியம் அதுதான். தொலைக்காட்சி இல்லை, தொலைபேசியில் சார்ஜ் இல்லை. பிள்ளைகள் குப்பிவிளக்கைச் சுற்றி இருப்பார்கள். நான் மிதிப்பேன், அப்பா வாசிப்பார். மிதியின் வேகத்தைக் கூட்டினால் ஒலி நிமிரும், குறைத்தால் பணியும். வாத்தியம் மூச்சு வாங்குவது தொடையில் தெரியும்.

ஆனால் ரீச்சரின் முழங்காலுக்கு இது ஆகாது. இரண்டு காலும் மாறி மாறி, நிற்காமல் மிதிக்க வேண்டும். பித்தளை நாக்குகளில் உப்புப் படிந்தால் சுரம் இறங்கும். தூசு ஒன்று சிக்கினால் அந்தச் சுரம் ஊமையாகும். மெல்லிய தூரிகையால் துடைக்கலாம், சுரண்டக்கூடாது. சுரண்டினால் சுருதி போய்விடும். துருத்தித் துணியை எலி கடித்ததால் இரண்டு வருடம் எங்களுடையது மூடிக் கிடந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பலகை காய்ந்து வெடிப்பு விழும், மழைக்கு அதே வெடிப்பு மூடிக்கொள்ளும். விலைக்கு வாங்குவதென்றால் வேண்டாம். சும்மா கிடைத்தால் விடாதீர்கள். வாசித்துப் பார்க்க விரும்பினால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆதிகோணநாயகர் கோயிலடியில் வந்து கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

உவர்மலை ரீச்சர்

மூவருக்கும் நன்றி. தம்பி, உங்கள் யோசனையை அலட்சியம் செய்யவில்லை. ஒரு வருடம் காத்திருந்து பார்க்கச் சொல்கிறீர்கள். நான் ஐம்பது வருடம் காத்துவிட்டேன்.

ஹமண்டின் பெயர்ப்பலகையைக் கேட்டு வாங்கினேன். 60 என்றுதான் இருந்தது. மின்வேலை ஐயா எழுதியிராவிட்டால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் எலக்டோனைப் பார்த்துவிட்டு வந்தேன். மாதிரிப் பாட்டைப் போடப் போனார்கள், வேண்டாம் என்றேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னபோது கடைப் பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஒரே ஒரு புல்லாங்குழல் குரல், ஒலியை ஆகக் குறைத்து, நடுவிலுள்ள கட்டையை அழுத்திப் பிடித்தேன். உறுமல் இல்லை. தெருவில் பஸ் போனது கேட்டது, அது போன பிறகும் அந்த ஒலி அப்படியே நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் யாரோ இருந்து மிதிப்பதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் விரலை எடுக்க மனம் வரவில்லை.

பிறகு 49ஐயும் 49ஐயும் 20ஐயும் ஒன்றொன்றாக அழுத்தினேன். மேல்வரிசையில் ஒரு கட்டை லேசாகக் கரகரத்து, பத்துத் தரம் அழுத்தியதும் சரியானது. பிளொப்பி தட்டு போடும் இடம் வேலை செய்யவில்லை. எனக்கு அது வேண்டியதில்லை என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டேன், குறைத்தார்கள். முழங்கால் வலிக்கவில்லை, பெடலுக்கு நான் நினைத்த அளவு பலம் வேண்டியதில்லை.

நேற்று லொறியில் வந்து இறங்கியது. வாயிற் கதவு திறந்திருந்ததைப் பார்த்து ஒரு புள்ளிமான் உள்ளே வந்து, பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டியை முகர்ந்துகொண்டு நின்றது. நான்கு பேர் தூக்கி, நீங்கள் சொன்னபடி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். இரவு அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இருந்தேன். அருட்சகோதரி சொல்லித்தந்த நான்கு வரிப் பாட்டு ஒன்று வலக்கைக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடக்கை பிழைவிட்டது. கால், ஐயா சொன்னதுபோல, மரமாகத்தான் நின்றது. அம்மா அறையிலிருந்து, ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டார்.

ஒரு சந்தேகம். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது பெடல் அழுத்தி விடும்போது டொக் என்று மரத்தில் மரம் மோதும் சத்தம் கேட்கிறது. மெல்லிய ஒலியில் வாசிக்கும்போது அது பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கிறது. எண்ணெய் விடலாமா?

அன்புவழிபுரம் மின்வேலை

எண்ணெய் விட வேண்டாம், ரீச்சர். தேங்காயெண்ணெய் தையலெண்ணெய் எதுவும் வேண்டாம். தூசைப் பிடித்துக் களியாகிவிடும். பெடல் திரும்பி வந்து நிற்கிற இடத்தில் கம்பளித் துண்டு ஒட்டியிருப்பார்கள். ஒருவேளை அந்த ஒன்று தேய்ந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும். மின்மாற்றியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, டோர்ச் அடித்து, மற்றப் பெடல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தடிப்பில் வெட்டி மரப்பசையால் ஒட்டி, ஓர் இரவு காயவிட்டால் சத்தம் நின்றுவிடும். தடிப்புக் கூடினால் பெடல் உயராது, அதைக் கவனிக்க வேண்டும்.

என் ஓர்கனுக்கு வெட்டிய கம்பளியில் மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் மனைவியோடு உவர்மலைப் பக்கம் வருகிறேன். பல்ப்புக்கு ஒரு கூடும் கட்டிக்கொண்டு வருகிறேன்.